காரணம் தெரியாத பக்கவாதம்

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் பக்கவாதம். அதிலும் ஒரு குறிப்பிட்ட வகையைப் பற்றித்தான் பேசப்போகிறோம். எல்லாச் சோதனைகளும் செய்து பார்த்த பிறகும், "என்ன காரணத்தால் வந்தது என்று தெரியவில்லை" என்று மருத்துவர் சொல்லும் பக்கவாதம் அது.

ஒரு வீட்டை மனத்தில் நினைத்துக்கொள்வோம். விடியற்காலை 5 மணி. பெரட்டுக்குப் போகப் புறப்படும் நேரம். வீட்டுத் தலைவருக்கு வயது 44. கொழுப்பில்லாத உடம்பு. இனிப்புநீர் இல்லை, இரத்த அழுத்தமும் இல்லை. மனைவி கொடுத்த தேநீர்க் குவளையைக் கையில் வாங்குகிறார். குவளை நழுவி விழுகிறது. குனிந்து எடுக்கப் பார்க்கிறார், வலது கை வரவில்லை. "என்னங்க?" என்று மனைவி கேட்கிறாள். அவர் சொல்லும் பதில் குழறலாக வருகிறது. வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வருகிறார்கள். ஒருவர் திருநீறு பூசுகிறார். ஒருவர் சுடச்சுட எண்ணெய் தேய்க்கிறார். "நேற்று இராத்திரி ஆற்றோரம் போனார், காத்துக் கருப்பு அடித்துவிட்டது" என்கிறார் ஒருவர். "புறா இரத்தம் தடவினால் சரியாகும்" என்கிறார் இன்னொருவர். மறுநாள்தான் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே தலையை ஸ்கேன் எடுக்கிறார்கள், இதயத்தைப் பார்க்கிறார்கள், இரத்தத்தைச் சோதிக்கிறார்கள். மூளையில் ஓர் இரத்தக் குழாய் அடைபட்டிருப்பது தெரிகிறது. ஆனால் ஏன் அடைபட்டது என்பது மட்டும் தெரியவில்லை.

வீடு திரும்பியதும் லயத்தில் இரண்டு விதமான பேச்சு எழுகிறது. "டாக்டருக்கே காரணம் தெரியவில்லை என்றால் இது செய்வினைதான். யார் செய்தது?" என்பது ஒன்று. "ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்களே, இனி மருந்து எதற்கு?" என்பது மற்றொன்று. நேயர்களே, இந்த இரண்டு பேச்சுமே ஆபத்தானவை. முதலாவது பேச்சு, அண்டை வீட்டாரையும் மருமகளையும் பகையாக்கும். இரண்டாவது பேச்சு, உயிரையே வாங்கிவிடும். ஆகவே "காரணம் தெரியவில்லை" என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் என்ன என்பதை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் பக்கவாதம் என்றால் என்ன? பாரிச வாயு என்றும் வாதம் என்றும் நம் பெரியவர்கள் சொல்வார்கள். வாயு என்ற பெயர் இருப்பதால் காற்று அடித்து வருவது என்று பலர் நினைக்கிறார்கள். காற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கை கால்களில் உள்ள கோளாறும் அன்று இது. இது மூளையில் வரும் நோய். 1658ஆம் ஆண்டிலேயே சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் யோகான் வெப்ஃபர் என்பவர், இப்படித் திடீரென்று விழுந்து இறந்தவர்களின் தலையை ஆராய்ந்து, மூளைக்குள் இரத்தம் கசிந்திருப்பதை எழுதிவைத்தார். எனவே இது மூளையின் இரத்த ஓட்டத்தைப் பற்றிய நோய் என்பது 350 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த செய்தி.

பக்கவாதம் இரண்டு வகைப்படும். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டு வருவது ஒரு வகை. குழாய் வெடித்து இரத்தம் கசிந்து வருவது இன்னொரு வகை. அடைப்பினால் வருவதே மிகுதி. இரத்தம் கிடைக்காத மூளைப்பகுதி சிறிது சிறிதாக மடிகிறது. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால், ஒவ்வொரு நிமிடமும் ஏறக்குறைய 19 இலட்சம் மூளை அணுக்கள் அழிகின்றன என்று 2006இல் ஒரு மருத்துவர் கணக்கிட்டுக் காட்டினார். எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரம் எவ்வளவு விலை உயர்ந்தது என்பதை இந்தக் கணக்கிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

அடைப்பு வருவதற்கு நாம் அறிந்த காரணங்கள் பல உண்டு. உயர் இரத்த அழுத்தம், இனிப்புநீர், இரத்தக் கொழுப்பு, புகை பிடித்தல் ஆகியவை முதலிடம் பெறுபவை. மலேசியாவில் 2023இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, வயதுவந்தவர்களில் 100க்கு ஏறக்குறைய 29 பேருக்கு உயர் இரத்த அழுத்தம் உண்டு. ஏறக்குறைய 16 பேருக்கு இனிப்புநீர் உண்டு. பலருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. அதனால், "எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை" என்று சொல்வதற்கு முன்னால் ஒரு முறை சோதித்துப் பார்த்துவிட வேண்டும்.

இனி, காரணம் தெரியாத பக்கவாதத்துக்கு வருவோம். 1993இல் அமெரிக்க மருத்துவர்கள் அடைப்பினால் வரும் பக்கவாதத்தை 5 வகையாகப் பிரித்தார்கள். ஐந்தாவது வகைதான் காரணம் தீர்மானிக்கப்படாதது. இதற்குள்ளும் மூன்று நிலைகள் உண்டு. சோதனைகள் முழுமையாகச் செய்யப்படாமல் இருக்கலாம். இரண்டு காரணங்கள் ஒன்றாக இருந்து, எது உண்மையான காரணம் என்று சொல்ல முடியாமல் இருக்கலாம். அல்லது எல்லாச் சோதனைகளும் செய்தும் ஒன்றும் அகப்படாமல் இருக்கலாம். ஆகவே மருத்துவர் அப்படிச் சொன்னால், "ஐயா, இந்த மூன்றில் இது எது? இன்னும் செய்ய வேண்டிய சோதனை ஏதும் உண்டா?" என்று மரியாதையோடு கேட்க நமக்கு உரிமை உண்டு.

1989இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், அடைப்பினால் வந்த பக்கவாதங்களில் 100க்கு 40 காரணம் தெரியாதவையாக இருந்தன. இன்று நல்ல கருவிகள் வந்த பிறகு, அது ஏறக்குறைய 100க்கு 25 ஆகியிருக்கிறது. இந்த இறக்கம் நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. காரணம் இல்லாமல் நோய் வரவில்லை. காரணம் ஒளிந்துகொண்டிருக்கிறது. இரவில் திருடன் வந்து போய்விட்டான், காவற்காரர் காலையில் வந்து பார்க்கிறார் என்றால், திருடனைக் காணோம் என்பதற்காகத் திருட்டு நடக்கவில்லை என்று சொல்வோமா? அவன் எங்கே ஒளிந்திருக்கலாம் என்றுதான் தேடுவோம். நாமும் இப்போது அந்த மறைவிடங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் மறைவிடம் இதயத் துடிப்பு. பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். வெட்டுக்கோட்டில் பால் ஓடிக்கொண்டிருக்கும்வரை அது நீராக இருக்கும். மங்கில் தேங்கி அப்படியே கிடந்தால் கட்டிப்பாலாகிவிடும். இரத்தமும் அப்படித்தான். இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்கி விரியும்போது இரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த அறை ஒழுங்கிழந்து சும்மா நடுங்கிக்கொண்டிருந்தால், அதன் மூலையில் இரத்தம் தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி ஒரு நாள் கிளம்பி மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ளும்.

இந்தத் தாறுமாறான துடிப்பு பலருக்கு எப்போதும் இருப்பதில்லை. சில மணி நேரம் வந்துவிட்டுப் போய்விடும். மருத்துவமனையில் எடுக்கும் ஈ.சி.ஜி. படம் ஏறக்குறைய 10 விநாடித் துடிப்பைத்தான் பதிவு செய்கிறது. அந்த 10 விநாடியில் திருடன் அகப்படாமல் போகலாம். இதற்காகவே சுண்டுவிரலைவிடச் சிறிய ஒரு கருவியை நெஞ்சுத் தோலுக்கு அடியில் வைத்துப் பல மாதங்கள் துடிப்பைக் கண்காணிக்கும் முறை வந்தது. 2014இல் வெளியான ஆய்வு ஒன்றில், காரணம் தெரியாத பக்கவாதம் வந்த 441 பேரைக் கவனித்தார்கள். கருவி வைத்தவர்களில் 3 ஆண்டுக்குள் 100க்கு 30 பேரிடம் இந்தத் துடிப்புக் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது. வழக்கமான முறையில் சோதிக்கப்பட்டவர்களில் 100க்கு 3 பேரிடம்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்துவிட்டால், இரத்தம் உறையாமல் தடுக்கும் தகுந்த மருந்தைக் கொடுத்து அடுத்த தாக்குதலைப் பெருமளவு தடுக்கலாம்.

இந்தக் கருவி எல்லா இடங்களிலும் கிடைப்பதில்லை. ஆனால் நம் விரல்கள் நம்மிடமே இருக்கின்றன. பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து ஒரு நிமிடம் நாடி பாருங்கள். சீராக அடிக்கிறதா, அல்லது ஒழுங்கே இல்லாமல் முன்னும் பின்னுமாக அடிக்கிறதா? சீராக இல்லையென்றால் கிளினிக்குக்குப் போய்ச் சொல்லுங்கள். சம்சுவும் மற்ற மதுவும் இந்தத் துடிப்புக் கோளாற்றைக் கொண்டுவரும், இரத்த அழுத்தத்தையும் ஏற்றும் என்பதை ஆண்கள் நினைவில் கொள்ள வேண்டும். சிறு வயதில் தொண்டைப்புண்ணும் மூட்டுவலிக் காய்ச்சலும் வந்து இதய வால்வு கெட்டுப்போனவர்களும் தங்கள் இதயத்தைக் கட்டாயம் சோதித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது மறைவிடம் இதயத்தில் உள்ள ஒரு சிறு கதவு. தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தை மூச்சு விடுவதில்லை. அதனால் இரத்தம் நுரையீரலைத் தவிர்த்துச் செல்ல, இதயத்தின் இரு மேலறைகளுக்கு நடுவில் ஒரு திறப்பு இருக்கும். குழந்தை பிறந்து மூச்சு விட்டதும் அது மூடிக்கொள்ளும். ஆனால் நாலு பேரில் ஒருவருக்கு அது முழுமையாக ஒட்டுவதில்லை. பெரும்பாலோருக்கு இதனால் ஒரு தீங்கும் இல்லை. எப்போதாவது காலில் உண்டான இரத்தக்கட்டி அந்த வழியாக நுழைந்து மூளைக்குப் போய்விடுவதுண்டு. ஜெர்மனி நாட்டு மருத்துவர் யூலியுஸ் கோன்ஹைம் 1877இலேயே ஒரு பெண்ணுக்கு இப்படி நேர்ந்ததை எழுதியிருக்கிறார். ஆனாலும் உயிரோடு இருப்பவரிடம் அந்தத் திறப்பைக் கண்டுபிடிக்க, எக்கோ என்ற ஒலியலைச் சோதனை வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தத் திறப்பைத் தொடைக் குழாய் வழியாக ஒரு சிறு கருவியை அனுப்பி அடைத்துவிடலாம். 2017இல் ஒரே சமயத்தில் வெளியான மூன்று ஆய்வுகள், 60 வயதுக்கு உட்பட்டவர்களில் தகுந்தவர்களைத் தேர்ந்தெடுத்து இப்படி அடைத்தால் மறுபடி பக்கவாதம் வருவது குறைகிறது என்று காட்டின. தகுந்தவர்களை என்று சொன்னதைக் கவனியுங்கள். திறப்பு இருக்கும் எல்லாருக்கும் இது தேவையில்லை. இளம் வயதில், வேறு காரணம் எதுவும் தெரியாமல் பக்கவாதம் வந்தவர்கள், இதைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது மறைவிடம் கழுத்து. கழுத்தில் ஓடும் குழாயின் உட்சுவர் கிழிந்தால், அங்கே இரத்தம் கட்டி மூளைக்குப் போகும். இளவயதினருக்கு வரும் பக்கவாதத்துக்கு இது ஒரு முக்கியமான காரணம். விபத்தில் கழுத்து அடிபட்டாலும் வரலாம். சில வேளைகளில் கழுத்தைத் திடீரென்று பலமாகத் திருப்பினாலும் வரலாம். முடி வெட்டி முடிந்ததும் தலையைப் பிடித்து இரு பக்கமும் நெட்டி முறிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. "சொடக்" என்று சத்தம் கேட்டால் அலுப்புத் தீர்ந்தது என்று நினைக்கிறோம். இதனால் தீங்கு நேர்வது அரிது. ஆனால் நேர்ந்தால் பெரிய தீங்கு. ஆகவே, "அண்ணே, கழுத்தை விட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிடுவதே நல்லது. கழுத்தில் ஒரு பக்கம் புதிதாகக் கடுமையான வலி வந்து, கூடவே தலை சுற்றலோ பார்வைக் கோளாறோ இருந்தால், தைலம் தடவிக்கொண்டு படுத்துவிடக் கூடாது.

நான்காவது மறைவிடம் இரத்தமே. சிலருடைய இரத்தம் தேவைக்கு மேல் உறையும் இயல்புடையது. அதில் ஒரு வகையில், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாறுமாறாக வேலை செய்து இரத்தத்தைக் கட்டியாக்கும். பெண்களுக்கு இந்தக் கோளாறு இருந்தால் அடிக்கடி கருச்சிதைவும் ஏற்படலாம். ஒரு பெண்ணுக்கு இரண்டு மூன்று முறை கரு கலைந்துபோனால், நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? தோஷம் என்கிறோம். ராசியில்லாதவள் என்கிறோம். அந்தப் பெண்ணுக்குத் தேவையானது பழிச்சொல் அன்று, ஓர் இரத்தச் சோதனை. காலத்தோடு கண்டுபிடித்தால் கருவையும் காக்கலாம், பிற்காலத்தில் வரக்கூடிய பக்கவாதத்தையும் தடுக்கலாம். இன்னும் சிலருக்கு, உடம்பில் மறைந்திருக்கும் புற்றுநோய் இரத்தத்தை உறையவைக்கும். காரணமின்றி உடல் மெலிந்துகொண்டே வந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இந்த மறைவிடங்களைச் சொல்லும்போது, முன்னறிவிப்பாக வரும் ஒரு நிலையையும் சொல்லியாக வேண்டும். வாய் கோணும், கை மரத்துப்போகும், பேச்சுக் குழறும். பத்து நிமிடமோ அரைமணி நேரமோ கழித்து எல்லாம் சரியாகிவிடும். "கொஞ்சம் அசதி, சரியாகிவிட்டது" என்று வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். நேயர்களே, அது அசதி அன்று. கட்டி ஒன்று வந்து அடைத்து, தானாகக் கரைந்துபோயிருக்கிறது. அடுத்தது கரையாமல் நிற்கலாம். பெரிய தாக்குதல் வருவதற்கான ஆபத்து, இதற்கு அடுத்த சில நாட்களில்தான், அதிலும் முதல் இரண்டு நாட்களில்தான் மிகுதி. சரியாகிவிட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சரி, வீட்டில் ஒருவருக்குத் திடீரென்று வந்துவிட்டால் நாம் என்ன செய்வது? மூன்று சோதனைகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள், ஒரு கை கீழே விழுகிறதா? ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள், குழறுகிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் 999 எண்ணைக் கூப்பிடுங்கள். "பக்கவாதம் என்று நினைக்கிறோம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். தோட்டத்தின் பெயரையும், எந்தப் பாதையில் வர வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். ஒருவரை விளக்கோடு பெரிய சாலைக்கு அனுப்பி, ஆம்புலன்சுக்கு வழிகாட்டச் சொல்லுங்கள். தோட்ட வாயிலில் தடுப்பு இருந்தால் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.

அதோடு, கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரம் எது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தை, பொதுவாக 4½ மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். பெரிய குழாயில் உள்ள கட்டியைக் கம்பி வழியாக இழுத்து எடுக்கும் முறையும் இப்போது உண்டு. 2015இல் வெளிவந்த ஆய்வுகள் அதன் பலனை உறுதிப்படுத்தின. தகுந்த சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும்கூட அதைச் செய்கிறார்கள். இந்தச் சிகிச்சைகள் எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. வசதியுள்ள இடத்துக்கு அனுப்புவதற்கும் நேரம் வேண்டும். அதனால்தான் ஒரு நிமிடத்தையும் வீணாக்கக் கூடாது என்கிறோம்.

செய்யக் கூடாதவையும் உண்டு. தண்ணீரோ தேநீரோ சோறோ கொடுக்காதீர்கள். விழுங்க முடியாமல் மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்காதீர்கள். மூளையில் இரத்தக் கசிவாக இருந்தால் அது நிலைமையை மோசமாக்கும். அடைப்பா கசிவா என்பதை ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல முடியும். விரலைக் கீறி இரத்தம் எடுக்காதீர்கள். மயக்கமாக இருந்தால் ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள். சாமியைக் கும்பிட வேண்டுமென்றால், ஆம்புலன்சில் ஏறிய பிறகு கும்பிடுங்கள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு என்ன? "காரணம் தெரியவில்லை, ஆனால் மாத்திரை கொடுத்திருக்கிறார்களே" என்று சிலர் குழம்புகிறார்கள். காரணம் தெரியாவிட்டாலும் மறுபடி வராமல் காக்கும் வழி தெரியும். ஆஸ்பிரின் போன்ற மருந்து, கொழுப்பைக் குறைக்கும் மருந்து, அழுத்தத்தைச் சீராக வைக்கும் மருந்து ஆகியவை அதற்காகவே கொடுக்கப்படுகின்றன. இன்னும் வீரியமான, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை எல்லாருக்கும் கொடுத்தால் என்ன என்றும் ஆராய்ந்தார்கள். 2018இல் 7,000க்கு மேற்பட்டவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வில், அந்த மருந்து ஆஸ்பிரினைவிட அதிகப் பலன் தரவில்லை. இரத்தக் கசிவுதான் கூடியது. ஆகவே மற்றவருக்குக் கொடுத்த மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள். உங்களுக்குக் கொடுத்ததை நிறுத்தவும் நிறுத்தாதீர்கள். குறித்த தேதியில் மறுபடி போய்க் காட்டுங்கள். இன்று அகப்படாத காரணம் ஆறு மாதம் கழித்து அகப்படலாம்.

கை கால்களுக்கான பயிற்சியைப் பொறுமையோடு நாள்தோறும் செய்ய வேண்டும். பேச்சு வராதவரிடம் குழந்தையிடம் பேசுவது போல் பேசாதீர்கள். அவருக்குப் பெரும்பாலும் எல்லாம் புரியும், சொல்லத்தான் முடியாது. பக்கவாதம் வந்தவர்களில் பலர் மனம் சோர்ந்துபோகிறார்கள். அழுகையும் கோபமும் அந்த நோயின் பகுதியே. அவற்றையும் மருத்துவரிடம் சொல்லலாம். அவரைப் பார்த்துக்கொள்ளும் மனைவிக்கும் ஓய்வு வேண்டும். அண்டை வீட்டார் ஒரு வேளை சோறு சமைத்துக் கொடுத்தால், பிள்ளைகளை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டால், அது பெரிய உதவி.

நாம் தொடக்கத்தில் நினைத்துக்கொண்ட வீட்டுக்கே திரும்புவோம். அந்த வீட்டில், "யார் செய்தது?" என்று கேட்டுக்கொண்டிருந்தால், பக்கத்து வீட்டுக் கதவு அடைபடும், அவருடைய நோய் அப்படியே இருக்கும். "எங்கே ஒளிந்திருக்கிறது?" என்று கேட்டால், மறுபடி ஒரு சோதனைக்கு வழி பிறக்கும். காரணம் தெரியவில்லை என்பது முடிவுரை அன்று. இன்னும் தேட வேண்டும் என்பதற்கான அறிவிப்பு அது.

இன்று இரவு சாப்பிட்டு முடிந்ததும், வீட்டில் உள்ள எல்லாரும் ஒருவருக்கொருவர் நாடி பிடித்துப் பாருங்கள். 999 என்ற எண்ணைச் சிறு பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். முகம், கை, பேச்சு ஆகிய மூன்றையும் அவர்கள் செய்துகாட்டட்டும். விளையாட்டாகக் கற்றுக்கொண்டது ஒரு நாள் தகப்பன் உயிரைக் காக்கலாம்.